ஆள் வைத்துச் செய்த உடற்பயிற்சி

தசை ஆராய்ச்சியில் பேர் வாங்கிய டாக்டர் நாகநாதனுக்கு எழுபத்தொரு வயது. அவருக்குப் பதிலாக உடற்பயிற்சி செய்வதுதான் தெய்வானையின் வேலை. அவர் கண்டுபிடித்த பட்டையை இருவரும் காலையில் கையில் கட்டிக்கொள்வார்கள். அவர் சோபாவில் சாய்ந்து பேப்பர் படிப்பார். அவள் மாடிப்படியில் நூறு தடவை ஏறி இறங்குவாள். அவள் ஏற ஏற, அவர் உடம்பில் தசை வளரும்.

ஒரே வருஷத்தில் தோள் புடைத்து, அவருடைய சட்டைகளையெல்லாம் புதிதாகத் தைக்க வேண்டியதாயிற்று. தெய்வானையால், மூன்று வயது மகள் “தூக்கும்மா” என்று கை நீட்டினால்கூடத் தூக்க முடியவில்லை. கீழே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டருக்குப் பாராட்டு விழா நடந்த அன்று அரங்கத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த தெய்வானை, மூன்றாம் மாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

“என்னம்மா, இந்த வயசுலயே இப்படி மூச்சு வாங்குற? உனக்குப் புரதம் பத்தல. தினம் ரெண்டு முட்டை சாப்பிடு.”

“சாப்பிட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன். அதுவும் உங்களுக்குத்தான் போவுது.”

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

“அப்ப நாலா சாப்பிடு,” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.