விரல் பட்டால் போதும்

"விரலை வெச்ச உடனே எடுத்துடாதீங்க அண்ணே. வெச்சு, இழுத்து, அதுக்கப்புறம் எடுங்க."

கிலோன்சோ மறுபடியும் போன் திரையில் விரலை வைத்து இழுத்தான். திரையில் இருந்த பூட்டுப் படம் அசையவில்லை. எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த நெகேசா எதையோ தட்டி எழுதிக்கொண்டாள். இந்தப் பூட்டு ஆப்பை உருவாக்கியவளே அவள்தான். பூட்டுக்குக் கீழே 'உதவிக்கு' என்றிருந்த எண்ணுக்குக் காலையில் அவன் கூப்பிட்டதும், தேன் ஒழுகப் பேசி, ரிவர் ரோட்டில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டாள்.

மாலைக்குள் போன் திறந்தாக வேண்டும். இன்று அவன் காதலி மும்புவாவின் பிறந்தநாள். போன வருடம் ஒரு குடையைக் கொடுத்துவிட்டு, மழைக்காலம் முடியும்வரை அவளிடம் திட்டு வாங்கினான். இந்தத் தடவை போன் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. வெறுங்கையோடு போனால் அவளை மறந்துவிட வேண்டியதுதான்.

"எத்தனை நாளா எங்க ஆப் வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு வருஷமா மேடம். என் கூட்டாளிங்க எல்லாருமே இதுதான் வெச்சிருக்காங்க. நேத்துலேர்ந்துதான் மக்கர் பண்ணுது."

நெகேசாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தேநீரும், எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டியும் வரவழைத்தாள். கொண்டுவந்த காவலாளி கதவருகிலேயே நின்று வேடிக்கை பார்த்தான். பூட்டைத் திறக்க எப்படி இழுத்துப் பழக்கம் என்று கேட்டாள். மறந்துவிட்டதாகக் கிலோன்சோ தலையைச் சொறிந்தான். பரவாயில்லை, வலப்பக்கம் இழுத்தாலே திறக்கும்படி மாற்றிவிட்டேன் என்றாள். அப்போதும் திறக்கவில்லை.

அதன் பிறகு அவனை அவள் சும்மா விடவில்லை. மெதுவாக இழுக்கச் சொன்னாள், கோணலாக இழுக்கச் சொன்னாள், இரண்டு விரலால், ஈரக் கையால், மண்டாசி எண்ணெய் ஒட்டிய கையால். ஒவ்வொரு தடவையும் மடிக்கணினியில் எண்கள் ஓடின. கிலோன்சோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் விரல்களைப் பற்றி அவனுக்கு எப்போதுமே பெருமை. கேவலம், ஒரு கண்ணாடித் துண்டு அவற்றை மதிக்க மாட்டேன் என்கிறதே!

"உங்க விரல் ரொம்ப லேசு அண்ணே. வேகமும் ஜாஸ்தி," என்றாள் கடைசியில். "வந்ததும் தெரியல, போனதும் தெரியல. ஏதோ தெரியாம உரசிடுச்சுன்னு நினைச்சு ஆப் கண்டுக்காம விட்டுடுது. என்ன வேலை பண்றீங்க?"

"கல்யாணத்துல கிட்டார் வாசிக்கிறேன்," என்றான் கிலோன்சோ.

அவள் நிரலில் இரண்டு வரிகளை மாற்றி, போனில் கம்பியைச் செருகி எடுத்துவிட்டு, மறுபடி இழுக்கச் சொன்னாள். கிலோன்சோ தன் வழக்கப்படியே இழுத்தான். பூட்டு சட்டென்று திறந்துகொண்டது.

நெகேசா சந்தோஷத்தில் கைதட்டினாள். மூன்று மாதமாக அவளுக்குப் பிடிபடாத கோளாறாம் அது. இவ்வளவு பொறுமையான ஆள் கிடைத்ததே தன் அதிர்ஷ்டம் என்று அவனுக்கு நன்றிமேல் நன்றி சொன்னாள். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. கிளம்ப நேரமாகிவிட்டது என்று எழுந்து போனுக்குக் கை நீட்டினான்.

அதற்குள் அவள் அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடியிருந்தாள்.

"உங்க புண்ணியத்துல அடுத்த வாரம் ஆப்பை வெளியிடப் போறேன் அண்ணே. இதுவரைக்கும் உலகத்துலயே ஒரே ஒரு போன்லதான் இருந்துச்சு, முந்தாநாள் மட்டாட்டு மினிபஸ் நெரிசல்ல என்கிட்டேர்ந்து காணாமப்போன போன்ல."