ஹம்பருக்கு லொறி ஸ்பிறிங்

“ஏறுற ஆளுக்கு இடுப்பு நாரி முறியவேணும். ஆனால் உயிருக்குச் சேதம் வரக்கூடாது,” என்றார் சோமசேகரம், குரலைத் தாழ்த்தி.

கராச்காரன் சிமியோன் காருக்குக் கீழேயிருந்து தலையை நீட்டினான். “ஐயா, ஹம்பர் காருக்கு லொறி ஸ்பிறிங்கோ? பட்டு வேட்டிக்குச் சாக்கிலை ஒட்டுப் போடுற வேலை. கொம்பனிக்காரன் போட்டது போட்டபடி கிடக்கட்டும். என்ரை கையாலை உதைச் செய்விக்காதையுங்கோ!”

சோமசேகரத்துக்கு மட்டும் ஆசையா என்ன? கொழும்பில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் பூப்போல வைத்திருந்து அவருக்கு விற்ற கார் அது. ஏறி இருந்தால் எந்தக் குழியும் தெரியாது, தொட்டில் மாதிரி மெல்ல ஆடும்.

அந்தச் சுகமே வினையாகிவிட்டது. யுத்தத் தடையால் பெற்றோல் வராமல் ஊரிலுள்ள கார்களெல்லாம் கல்லின் மேல் குந்திக்கொண்டிருந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. மண்ணெண்ணெயில் இருமி இருமியாவது ஓடிய ஹம்பர், உரும்பிராயின் மாப்பிள்ளைக் காராகிவிட்டது.

ஊரார் கேட்டால் ஏதாவது பொய் சொல்லித் துரத்திவிடலாம். கேட்டு வருபவரோ மனைவி குணலட்சுமியின் தமையன் தில்லைநாதன். வெங்காய வியாபாரி. டீசல் இல்லாமல் அவருடைய லொறியில் கோழி அடைகிடக்கத் தொடங்கிய நாளிலிருந்து மனுசனுக்கு வேறு சோலியில்லை. எவன் வீட்டில் கலியாணமென்றாலும், “என்ரை மச்சான்ரை கார் இருக்குது, நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்.

“இல்லையெண்டு சொன்னால் நான் எந்த முகத்தோடை அண்ணை வீட்டு வாசல் மிதிக்கிறது?” என்று குணலட்சுமி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு கலியாணமும் முடியச் சீற்றெல்லாம் சந்தனம், கதவெல்லாம் கீறல். இன்னும் நாலு முகூர்த்தம் போனால் ஹம்பரைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும்.

தன் வாயால் இல்லையென்று சொல்ல வழியில்லை. அதைக் கார் சொல்லட்டும் என்று முடிவு கட்டித்தான் சிமியோனிடம் வந்திருந்தார்.

சிமியோன் முணுமுணுத்தபடியே லொறித் தகடுகளைச் சேர்த்துக் கட்டினான். காரின் பின்பக்கம் வெடுக்கென்று நிமிர்ந்தது. “சரி ஐயா. இனி யானை ஏறினாலும் பதியாது.”

“யானை ஏறாது. தில்லைநாதன்தான் ஏறுவார்,” என்றார் சோமசேகரம். கழற்றிய பழைய ஸ்பிறிங்கைத் துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டார். மச்சான் கார் கேட்பதை மறந்ததும் திரும்பப் போடுவதாக எண்ணம்.

அடுத்த முகூர்த்தம் வட்டுக்கோட்டையில். பின்சீற்றில் தலைப்பா கட்டிய மாப்பிள்ளை, பக்கத்தில் தோழன், முன்னே தில்லைநாதன். சோமசேகரமே ஓட்டினார். வழியிலிருந்த ஒரு குழியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

முதற் குழியில் தலைப்பா கூரையில் இடித்து மாப்பிள்ளையின் கண்ணை மூடியது. அடுத்ததில் தோழன் நாக்கைக் கடித்துக்கொண்டான். மானிப்பாய் தாண்ட மாப்பிள்ளை வாய்விட்டே அழுதான். “அம்மாளாச்சி! அண்ணை, தாலி கட்டுறதுக்கு உயிரோடை போய்ச் சேருவனோ?”

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை நாரியைப் பிடித்துக்கொண்டு வளைந்து இறங்கினான். ஆலாத்தித் தட்டோடு வந்த பெண்டுகள், “பொடியனுக்கு ஏதும் வருத்தமோ? மறைச்சுப் போட்டினமோ?” என்று காதைக் கடித்தார்கள்.

தில்லைநாதன் கலியாணப் பக்கமே திரும்பவில்லை. காரைச் சுற்றி வந்தார். குனிந்து பின்சில்லுகளைப் பார்த்தார். தமது தொந்தியோடு டிக்கியின் மேல் ஏறி இருந்து ஒரு உலுப்பு உலுப்பினார். கார் அசையவில்லை.

“என்ன மச்சான், காருக்கு என்ன செய்தனீர்?”

“றோட்டுகள் கிடக்கிற சீர் தெரியுந்தானே. லொறி ஸ்பிறிங் போட்டாச்சு. இனி உப்பிடித்தான்,” என்று சோமசேகரம் முகத்தைத் தொங்கப் போட்டார்.

தில்லைநாதன் டிக்கியிலிருந்து இறங்கிப் பின்சீற்றை எட்டிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். “அப்ப சரி. இனி ஒரு கலியாணத்துக்கும் நான் உதைக் கேக்கமாட்டன். சத்தியம்.”

சோமசேகரத்துக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. பந்தியில் பாயாசத்தை மூன்று தரம் வாங்கிக் குடித்தார். திரும்பி வரும் வழியில் ஹம்பரின் ஸ்ரியறிங்கைத் தடவி, “தப்பிவிட்டாயடி!” என்று அதனிடமே சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் வேலிப் படலை தட்டப்பட்டது. வெளியே ஒரு மாட்டுவண்டில் நிற்க, தில்லைநாதன் உள்ளே ஓடி வந்தார். வந்த வேகத்தில் சோமசேகரத்தைக் கட்டிப்பிடித்தார். மனுசனின் கண் கலங்கியிருந்தது.

“மச்சான், என்ரை நிலைமையைப் பாத்து எனக்காகத்தானே உதைச் செய்தனீர்? ஒரு சொல்லுச் சொல்லாமல், உம்மடை அருமந்த காரை! கூடப் பிறந்தவன் செய்வானோ?”

“நான் அப்பவே சொன்னனான், என்ரை மனுசனுக்குத் தங்கமான மனசெண்டு,” என்று குணலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

சோமசேகரத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. “என்னத்தைச் செய்தனான்?” என்று விழித்தார்.

தில்லைநாதன் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“பின்சீற்றைக் கழட்டும் மச்சான், வெங்காயம் ஏத்துவம்!”