நரம்பு எடுத்த பல்

"நரம்பையே எடுத்தாச்சுன்னு சொன்னீங்க. இல்லாத நரம்பு எப்படி டாக்டர் வலிக்கும்?"

லிஃப்ட் மெக்கானிக் பொறுமையாகத்தான் கேட்க நினைத்தார். குரல் சொன்னபடி கேட்டால்தானே? காத்திருந்தவர்கள் எல்லோரும் போனை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

பல் டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி வாசலில் நின்றார். காலையிலிருந்து ஊர்ப்பட்ட வாய்களைக் குனிந்து பார்த்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் மெக்கானிக்கின் மனைவி, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"ரூட் கேனல் பண்ணின பல்லு கொஞ்ச நாள் கடிக்கும்போது வலிக்கும். அப்புறம் தானா..."

"கொஞ்ச நாளா? கேப் போட்டே மாசக் கணக்காச்சு. வாரா வாரம் வலிக்குதுங்கறா, வாரா வாரம் இங்க வந்து படுக்கறா. என்கூட வேலை பார்க்கிறவருக்கும் இதே வைத்தியம்தான். இப்ப எலும்பைக் கடிச்சுத் துப்பறாரு."

யாரோ சிரித்தார்கள். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரே லிஃப்ட் திரும்பத் திரும்ப நின்னா லிஃப்டையா திட்டுவாங்க? ரிப்பேர் பார்த்தவனைத்தான் திட்டுவாங்க. நான் வாங்காத திட்டா?"

அவருக்கு உடம்பெல்லாம் அலுப்பு. அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்தே வீடு வீடாக இல்லை. மனைவி பல்லைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிற நாளில், இவர் பர்மிஷன் போட்டுவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும். தண்ணீர் கொடு, புரட்டிப் படுக்க வை, ஃபேனைப் போடு, ஏன் போட்டாய், அணை. அவள் திரும்பி வருவதற்குள் இவருக்குப் பாதி உயிர் போய்விடும். இன்றைக்கு அக்காவை வரவழைத்து உட்கார வைத்துவிட்டு, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பி வந்திருந்தார்.

டாக்டரம்மா அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை.

"சரிங்க. என் வேலையிலதான் எங்கயோ குறை இருக்கணும்," என்றார் டாக்டரம்மா. "ஒரு சின்ன வேர் விட்டுப் போயிருக்கலாம். திரும்பப் பார்த்துடறேன்."

காத்திருந்தவர்களிடையே ஒரு முணுமுணுப்பு ஓடியது. ரூட் கேனலுக்காக முதல் தடவை வந்திருந்த ஒருவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"கேட்டுக்கிட்டீங்களா? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க," என்றார் மெக்கானிக், அவரைப் பார்த்து.

மனைவி உள்ளே போனாள். கதவு மூடியது. மெக்கானிக் சண்டையில் ஜெயித்துவிட்டார். காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"டேய், அப்பாவோட மத்தியான மாத்திரை எங்கடா இருக்கு?"

"அலமாரியில பாருக்கா."

"எந்த அலமாரி?"

மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

"எதைக் கேட்டாலும் அவளைக் கூப்பிடு, அவளைக் கூப்பிடுங்கறாரு. வந்ததிலிருந்து நான் ஒரு வாய் தண்ணி குடிக்கலைடா. இவ எப்படிடா தினமும்..."

"இரு, கேட்டுச் சொல்றேன்," என்று எழுந்தார். கதவை லேசாகத் தட்டிவிட்டுத் திறந்தார்.

உள்ளே பெரிய விளக்கு எரியவில்லை. நாற்காலி கட்டில் மாதிரி சாய்ந்திருந்தது. அதில் அவர் மனைவி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து வரைக்கும் ஒரு பச்சைத் துணி போர்த்தியிருந்தது. தட்டிலிருந்த கருவிகளின் உறை கூடப் பிரிக்கவில்லை. டாக்டரம்மா முக்காலியில் சும்மா உட்கார்ந்து தன் மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"மாத்திரை எங்கன்னு இவகிட்ட..." குரல் தானாக இறங்கியது.

"இப்ப எழுப்பியே ஆகணுமா?"

மெக்கானிக் போனைத் தாழ்த்தினார். பிறகு, "பல்லு?" என்றார்.

"பல்லு எப்பவோ சரியாயிடுச்சு. எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துட்டேன். வைத்தியம் நடந்தப்பவே ஒருநாள், மரத்துப்போக ஊசி போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள தூங்கிட்டாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகும் வலிக்குதுன்னு வந்தாங்க. பார்த்தா ஒண்ணுமில்ல. படுங்கன்னேன். படுத்ததும் தூக்கம். இங்க இருக்கிற வரைக்கும் யாரும் அவங்களைக் கூப்பிட மாட்டாங்க இல்லையா?"

மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தூங்கி அவர் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"வெளியில அத்தனை பேர் முன்னாடி, குறை உங்க மேலதான்னு ஏன் டாக்டர் சொன்னீங்க?"

"பின்ன, பொய் அவங்க மேலன்னு சொல்லவா?"

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். அக்கா இன்னும் லைனில் இருந்தாள்.

"கேட்டியாடா?"

"இல்லக்கா. நானே வந்து தேடறேன். அவ மெதுவா வரட்டும்."

கன்னம் வீங்கியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "நல்லவேளை சார், நீங்க சொன்னீங்க. நானும் வேற டாக்டரைப் பார்த்துக்கறேன்."

"போகாதீங்க. உட்காருங்க. இவங்ககிட்டயே காட்டுங்க."

"என்ன சார் இப்படி மாத்திப் பேசறீங்க? உங்க வீட்டம்மாவுக்கு இன்னும் கோளாறு தீரலைன்னுதானே சண்டை போட்டீங்க?"

மெக்கானிக் முன்பு சண்டை போட்ட அதே குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அவ பல்லுல ஒரு கோளாறும் இல்லைங்க. கோளாறு எங்க வீட்டுல. ரிப்பேர் பார்க்க வேண்டியவன், இவ்வளவு நாளா அந்தப் பக்கமே போகலை."