பாதி டம்ளர்

லா பாஸ் நகரச் சந்தையின் தகரக் கூரை இடுக்கு வழியே சாயங்கால வெயில் பப்பாளிப் பழங்கள்மேல் விழுந்து கிடக்கிறது. டெலிபோன் கம்பெனி மேலாளர் ரெமிஹியோ, டையைத் தளர்த்திக்கொண்டு, செவெரினாவின் பழச்சாற்றுக் கடை முக்காலியில் உட்கார்கிறார். விட்டுப்போன வாடிக்கையாளரைத் திரும்ப வரவழைப்பது எப்படி என்று காலையிலிருந்து ஊழியர்களுக்குப் பாடம் எடுத்துத் தொண்டை கட்டிவிட்டது. நேற்று இங்கே கூட்டமென்று பக்கத்துக் கடையில் சாறு குடித்துவிட்டார். இந்தச் சந்தையில் அது லேசில் மன்னிக்கிற காரியமில்லை. செவெரினா ஒன்றும் கேட்காமல் மிக்ஸியை ஓடவிடுகிறாள். வீங்கிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு டம்ளரை ணங்கென்று வைக்கிறாள். அவர் பாதி குடித்துவிட்டு, வழக்கம்போலக் கொசுறுக்காக டம்ளரை நீட்டுகிறார். ஜாடியில் மிச்சம் இருக்கிறது. அவள் இவர் பக்கம் திரும்பவில்லை.

“ஏன், அங்க கொசுறு ஊத்தலையாக்கும்?”

“ஊத்தினாங்கக்கா. இனிப்பே இல்ல.”

“பொய்யி. அவ சர்க்கரைய அள்ளிக் கொட்டுறவ.”

காலையில் சொல்லிக்கொடுத்த வாக்கியங்களில் ஒன்றுகூட அவர் வாயில் வரவில்லை. நீட்டிய கை அப்படியே நிற்கிறது. “தப்புதாங்கக்கா” என்கிறார். அவள் முகம் இன்னும் இளகவில்லை. கை மட்டும் ஜாடியைக் கவிழ்க்கிறது. நுரை பொங்கி அவர் விரல்களில் வழிகிறது.