இடப்பக்கத்துப் பீங்கான்

"என்ட தம்பிக்குக் கண் தெரியாத பக்கமாப் பாத்துச் சோத்த வெக்காய், பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?"

ஆசியா உம்மாவின் சத்தம் எங்கள் குசினி வரைக்கும் வந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேலிக்குப் போனேன். அயல் என்றால் ஒரு பொறுப்பு இருக்கிறதே.

"தெரியாத பக்கம் எண்டுதான் மதினி வெக்கன். தேடித் தலையத் திருப்பட்டும். டாக்குத்தர் அப்பிடித்தான் சொன்னவர்." சுல்பிகா விடுகிற ஆளா?

எண்பத்திரண்டாம் ஆண்டு வெள்ளாமை வெட்டோடு சுல்பிகாவின் புருஷன் மீராசாவுக்குப் பாரிசவாதம் வந்தது. நாலு மாதத்தில் கையும் காலும் பேச்சும் ஒருவாறு தேறிவிட்டன. இடப்பக்கத்து உலகம் மட்டும் திரும்பி வரவில்லை.

பீங்கானில் வலப்பக்கத்துச் சோறு மட்டும் முடியும். தாடியிலும் பாதிக்குத்தான் சீப்பு ஓடும். தெருவுக்கு அது நல்ல பகிடி.

சுல்பிகா இடப்பக்கமே பாயில் இருந்து புருஷனைக் கூப்பிடுவாள். அவர் வலப்பக்கம் பார்ப்பார். அங்கே ராத்தா, அதுதான் அவருடைய அக்கா ஆசியா உம்மா, இருப்பா. பெத்த தாய் மௌத்தான பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவ. வருத்தம் பார்க்க வந்தவ போகவேயில்லை.

"சுல்பிகா எங்க ராத்தா?"

"குசினிக்குள்ள." ஒரு முழத்தில் இருப்பவளை வைத்துக்கொண்டே சொல்லுவா.

நாங்களெல்லாம் ராத்தாவின் கட்சி. சுல்பிகாவுக்குக் கல்நெஞ்சி என்று பேர் வைத்ததே நான்தான்.

நான் வேலிக்குப் போன அன்றைக்கு ராத்தா பீங்கானை வலப்பக்கம் இழுத்தா. சுல்பிகா இடப்பக்கம் இழுத்தாள். பாரை மீன் ஆணம் பாயில் ஊற்றுண்டது.

மீராசாவின் கை வெறும் பாயைத் தடவியது. விரல்கள் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இடப்பக்கம் நகர்ந்தன. தலையும் கூடவே போனது.

மெல்ல, மெல்ல.

பீங்கானையும் தாண்டி, பார்வை சுல்பிகாவின் முகத்தில் போய் நின்றது.

"நீ இஞ்சயா புள்ள இருந்தாய்? என்ன இப்பிடி மெலிஞ்சி போனாய்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராத்தாவுக்கு அவருடைய பிடரிதான் தெரிந்தது.

"தம்பி" என்று ஒருக்கால் கூப்பிட்டுப் பார்த்தா. அவர் திரும்பவில்லை.

நோன்புக்கு முந்தியே அவ சம்மாந்துறைக்கு, மகள் வீட்டோடு போய்விட்டா. கோபித்துக்கொண்டு போகிறா என்று தெரு சொன்னது. நானும் சொன்னேன்.

பஸ் ஏறும்போதுதான் என்னிடம் கதைத்தா. தம்பி மாப்பிள்ளையாகி சுல்பிகா வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாம். அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டது இந்த நாலு மாதம்தானாம்.