சுவர்முட்டி

“எவன்னு மட்டும் தெரியட்டும், அவன் விரலை ஒடிக்காம விடமாட்டேன்” என்று சொல்லி, கார்லண்ட் பத்திரிகையைச் சோள ரொட்டித் தட்டின் மேலேயே வீசினான். அவன் மனைவி வெர்னா அதை எடுத்து, ஒட்டியிருந்த வெண்ணெயைத் துடைத்தாள்.

வட கரோலினாவின் அந்தச் சின்ன ஊரில் வியாழன்தோறும் வரும் பத்திரிகை அது. கோடை தொடங்கியதிலிருந்து அதில் ஒரு சித்திரத் தொடர் வந்துகொண்டிருந்தது. ‘சுவர்முட்டி’ என்றொரு கார் பந்தயக்காரன். பெரிய மூக்கு, ஆரஞ்சு நிறக் கார். வட்டப் பாதையில் இடப்பக்கமே திரும்பிப் பழகிய அவனுக்கு வலப்பக்கம் திரும்பத் தெரியாது. ரொட்டி வாங்கப் போனால் தெருவையே சுற்றிச் சுற்றி வந்து, கடைச் சுவரில் போய் மோதுவான்.

அந்த வட்டாரத்தில் ஆரஞ்சு நிறக் கார் ஓட்டியவன் கார்லண்ட் ஒருவன்தான். மூக்கும் அவனுடையதேதான். முடிதிருத்தும் கடையில் சிரித்தார்கள். தேவாலய வாசலில் போதகரே, இந்த வாரம் எந்தச் சுவர் என்று கேட்டார்.

வசந்த காலப் பந்தயத்தில் கார் உருண்டு, நினைவில்லாமல் கிடந்து பிழைத்தவன் அவன். தலையில் இன்னொரு அடி பட்டால் எழுந்திருக்க மாட்டான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வெர்னா ஒரே ஒரு தடவை அதை நினைவுபடுத்தினாள். அதற்கு அவன் நாள்கணக்கில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பத்திரிகை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டான். படம் தபாலில் வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று தெரியாது என்றார் அவர். பந்தயத்தில் அவனுக்குப் போட்டியாளனான ரட் மீது சந்தேகம் வந்தது. ரட்டின் கொட்டகைக்கே போய் அவன் சட்டையைப் பிடித்தான்.

“என் கையெழுத்தே எனக்குப் புரியாது, கார்லண்ட்” என்றான் ரட். “நான் எங்க படம் வரையறது?”

அடுத்த வியாழக்கிழமை படத்தில் சுவர்முட்டி தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்திலேயே போர்வையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினான். காலால் பிரேக்கை மிதித்தான். கடைசியில் கட்டிலோடு போய்ச் சுவரில் மோதினான். ஊரே சிரித்தது. பக்கத்தில் அவன் மனைவி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கார்லண்ட் அதை வெகுநேரம் பார்த்தான். இதோ கத்தப்போகிறான் என்று வெர்னா காத்திருந்தாள். அவனோ பத்திரிகையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை வழக்கம்போலக் காரை எடுத்துக்கொண்டு பந்தயத்துக்குக் கிளம்பினான். வெர்னா போகாதே என்று சொல்லவில்லை. வாசல் வரை வந்து நின்றாள், அவ்வளவுதான்.

பந்தயம் தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் ரட்டின் லாரி வீட்டு முன்னால் வந்து நின்றது. ஆரஞ்சு நிறக் காரைக் காணோம். வெர்னா செருப்பில்லாமல் ஓடிவந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மறுபக்கக் கதவு திறந்தது. கார்லண்ட் இறங்கினான். அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

“காரை ரட்டுக்கே குடுத்துட்டேன். இனிமே ஓட்டப்போறதில்ல.”

ரட் தொப்பியைத் தொட்டுவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் போகும்வரை காத்திருந்து, கார்லண்ட் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“அடுத்த படத்துலயாவது என்னை ஜெயிக்க வை, வெர்னா.”