மூன்று எச்சில்

புற ஊதா விளக்கைப் போட்டாள்.

கிருமிகளின் மரபணுவை ஓடவிட்ட ஜெல்லில் மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் ஏணிப்படி மாதிரிக் கோடுகள். முதலாவது, மகன் அமுதனின் எச்சிலிலிருந்து எடுத்து வளர்த்த சொத்தைப்பல் கிருமி. இரண்டாவது அவளுடையது. மூன்றாவது நாத்தனார் தவமணியுடையது.

ஒன்றும் மூன்றும் அச்சு அசலாக ஒன்று.

அப்படி வா வழிக்கு என்று வாய்விட்டே சொன்னாள். பல் மருத்துவக் கல்லூரியின் அந்த ஆய்வகத்தில் கேட்க யாரும் இல்லை.

இதற்காக எத்தனை சண்டை. பிள்ளையின் முன்பல்லில் சொத்தையின் தொடக்கமாக வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்த அன்று ஆரம்பித்தது. பல்லைக் கெடுக்கும் கிருமியோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. ஊட்டுகிறவர் வாயிலிருந்துதான் பெரும்பாலும் போகிறது. அது தெரிந்ததால்தான் பெற்ற பிள்ளையின் வாயில் ஒரு முத்தம்கூடக் கொடுக்காமல் இருந்தாள். மதினி தவமணியோ ஒவ்வொரு கவளத்தையும் சூடு பார்க்கத் தன் நாக்கில் வைத்து எடுத்துத்தான் ஊட்டுவாள். சொன்னால் கேட்டால்தானே.

பல் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. தூக்கத்தில் விழித்தால் பிள்ளை அத்தையைத்தான் தேடுகிறான். அது அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கடைசியில் புருஷன் செழியன் சலித்துப்போனான். அக்காவுடையதுதான் என்று நிரூபித்துக் காட்டினால், அக்காவை அவளுடைய கொழுந்தன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறானாம். புருஷனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள். கொழுந்தன் வீட்டில் அவளுக்கு ஒரு வாய் சோறு மனசார விழாது.

எதற்கென்று தெரிந்தேதான் தவமணி குப்பியில் துப்பிக் கொடுத்தாள்.

நிரூபித்தாயிற்று.

ஆனால் இன்னொரு சோதனையும் வைத்திருந்தாள். அதே மூன்று கிருமிகளுக்கும் சர்க்கரை கொடுத்து இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைத்த குழாய்கள். கிருமி அமிலம் கக்கினால் குழாயில் கலந்த சாயத்தின் ஊதா நிறம் மஞ்சளாகும். பல்லை அரிப்பது அந்த அமிலம்தான்.

அவசரமே இல்லை. நாளைக்குப் பார்த்திருக்கலாம். மனசு கேட்கவில்லை, திறந்தாள்.

தவமணியின் குழாய் ஊதா. லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

அமுதனுடையதும் அப்படியே.

அவளுடையது எலுமிச்சை மஞ்சள்.

குழாய் மாறிவிட்டதா என்று ஒட்டிய பெயரைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். மாறவில்லை.

முதலில் குடியேறிய கிருமி பின்னால் வருவதற்குச் சுலபத்தில் இடம் விடாது. பாடம் நடத்துகிறவள், அவளுக்கா தெரியாது? சாதுவான ஒன்று பிள்ளையின் வாயில் முந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவளுடையது முந்தியிருந்தால் இந்நேரம் அந்த முன்பல்லே இருந்திருக்காது.

போன் அடித்தது. செழியன். யாருடையது என்று மட்டும் கேட்டான்.

"உங்க அக்காவோடதுதான்."

பொய் இல்லை.

மீதியைச் சொல்ல மூச்சை இழுத்தாள். அதற்குள் போன் கைமாறிவிட்டது. தவமணி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

"என்னோடதுதானாம்ல. நல்லதாப் போச்சு தாயி. பெத்தவ வாயில இருந்து வந்துருந்தா நீ தாங்க மாட்ட. நான் துணிமணிய எடுத்து வச்சுட்டேன். நீ பதறாம வா."

மதினி, என்றாள்.

"சொல்லு தாயி."

போனை வைக்காமல் தவமணி காத்திருந்தாள்.